துருவைத் துரத்தும் குண்டுமழை

செஞ்சியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கோட்டையும் பீரங்கியும் புதியவை அல்ல. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை நம் கோட்டையை முற்றுகையிட்டது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். மூச்சு வாங்க ராஜகிரியின் உச்சிக்கு ஏறி, அங்குள்ள பீரங்கியைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது நம் செஞ்சி ஒன்றுதான் என்று கேட்டுப் பூரித்தோம். குண்டு என்றாலே அழிப்பதற்கு என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம். காப்பதற்காக எறியப்படும் குண்டுகளும் உண்டு என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தோம். அதை அறியக் காரணமாயிருந்தது நம் பள்ளியின் சைக்கிள் கொட்டகை.

சென்ற ஆண்டு விழாவுக்கு முன், அறிவியல் மன்ற மாணவியராகிய நாங்கள் அக்கொட்டகையின் இரும்புக் குழாய்களுக்குப் பச்சை வர்ணம் பூசினோம். தூசியைத் துடைத்தோம், ஆங்காங்கே உப்புத்தாள் தேய்த்தோம், இரண்டு முறை வர்ணம் அடித்தோம். விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை முடிவதற்குள் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டாலே அப்பளம் போல் உதிர்ந்தது. உள்ளே செம்மண் நிறத்தில் துரு.

"வர்ணம் மட்டமானது" என்றாள் ஒருத்தி. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்றாள் இன்னொருத்தி. பெற்றோர் தினத்தன்று, எங்கள் தோழியின் தந்தையார் அக்கொட்டகைப் பக்கம் வந்தார். சென்னைப் பக்கம் எஃகுக் கட்டுமானப் பட்டறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். ஓர் ஆணியால் குழாயைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வர்ணத்து மேல தப்பில்லம்மா. நீங்க இரும்புக்கு வர்ணம் அடிக்கல. துருவுக்கு அடிச்சிருக்கீங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எங்களைச் சிந்திக்க வைத்தது. அவரிடமும், எங்கள் அறிவியல் ஆசிரியையிடமும், நூலகத்திலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

துருவும் பொருக்கும்

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேரும்போது துரு உண்டாகிறது. காற்று மட்டும் இருந்தால் போதாது, நீரும் வேண்டும். உப்பு கலந்த நீரானால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். உண்டாகும் துரு, அது உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகையால் வர்ணத்துக்கு அடியில் துரு வளர்ந்தால் வர்ணத்தை மேலே தள்ளிக் கொப்புளமாக்கிவிடும். மேலும் துரு, பஞ்சு போன்று நுண்துளைகள் உடையது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவின்மேல் வர்ணம் பூசுவது, ஈரத்துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான்.

"புது இரும்பாக இருந்தால் கவலையில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். உருக்காலையிலிருந்து வரும் புதிய எஃகுத் தகட்டைக் கவனித்தால், அது நீலமும் கறுப்பும் கலந்த பளபளப்போடு இருக்கும். அது எஃகின் நிறம் அன்று. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி உருளைகளுக்கிடையே தகடாக இழுக்கும்போது, சூட்டில் காற்றுப் பட்டு மேலே படியும் பொருக்கு அது. பட்டறையில் அதை 'மில் ஸ்கேல்' என்கிறார்கள். பார்க்க உறுதியாகத் தோன்றினாலும், வெயிலிலும் குளிரிலும் அது வெடிப்பு விடும். வெடிப்பின் வழியே ஈரம் புகுந்தால், பொருக்குக்கும் எஃகுக்கும் இடையே ஒரு சிறு மின்கலமே உண்டாகி, வெடிப்புள்ள இடத்தில் எஃகு மிக வேகமாக அரிக்கப்படும். அப்பொருக்கின்மேல் எத்தனை விலையுயர்ந்த வர்ணம் பூசினாலும், பொருக்கு உதிரும்போது வர்ணமும் கூடவே உதிர்ந்துவிடும்.

எனவே துரு, பொருக்கு, பழைய வர்ணம் ஆகிய எல்லாவற்றையும் நீக்கி, எஃகின் உண்மையான முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வாசலும் அம்மியும் கற்பிக்கும் பாடம்

இந்த விஞ்ஞானம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. அதிகாலையில் கோலமிடுமுன் நம் அன்னையர் என்ன செய்கிறார்கள்? பெருக்குகிறார்கள், நீர் தெளிக்கிறார்கள், பிறகே மாவை எடுக்கிறார்கள். குப்பையின்மேல் யாரும் கோலம் போடுவதில்லை.

சுத்தம் மட்டும் இருந்தாலும் போதாது. வழுவழுப்பான பரப்பில் பூச்சு பிடிக்காது. தேய்ந்துபோன அம்மியில் மசாலா அரைபடாமல் வழுக்குகிறது என்றால், அம்மி கொத்துபவரை அழைத்துக் கொத்தச் சொல்கிறோம். பழைய சுவரின்மேல் புதிதாகச் சிமெண்டு பூசுமுன் கொத்தனார் அச்சுவரை உளியால் கொத்திவிடுகிறார். கொத்திய குழிகளில்தான் புதிய பூச்சு கால் ஊன்றி நிற்கும். எஃகுக்கும் அப்படியே. அது சுத்தமாகவும் வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகவும் வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் செய்து முடிக்கும் முறைதான் 'ஷாட் பிளாஸ்டிங்'. சிறுசிறு எஃகுக் குண்டுகளை மிகுந்த வேகத்தில் எஃகின்மேல் மழையாகப் பொழிவதே அது.

மணலில் தொடங்கிய கதை

இம்முறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்க்மன். காற்றில் பறக்கும் மணல் பட்டுச் சன்னல் கண்ணாடிகள் மங்கிப்போனதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். மணலைக் காற்றாலோ நீராவியாலோ பீய்ச்சிக் கண்ணாடி, கல், உலோகம் ஆகியவற்றைச் செதுக்கவும் சுத்தம் செய்யவும் அவர் 1870-ல் காப்புரிமை பெற்றார். பிறகு 1930-களில், காற்றின் உதவியே இல்லாமல், சுழலும் சக்கரத்தால் எஃகுக் குண்டுகளை வீசும் யந்திரங்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தன.

யந்திரத்தின் உள்ளே

இந்த யந்திரத்தை ஒரு பெரிய இரும்பு அறையாக எண்ணிக்கொள்ளுங்கள். அறையின் சுவரில் ஒன்றோ பலவோ வீசு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரத்தின் நடுவில் குண்டுகள் வந்து விழும். மின்மோட்டார் அதை நிமிடத்துக்கு 2000 முறைக்கும் மேலாகச் சுழற்ற, அதன் தகடுகள் குண்டுகளை வாரி வெளியே வீசும். கவணில் கல்லை வைத்துச் சுழற்றிப் பறவை விரட்டுவதைக் கொல்லையில் கண்டிருப்பீர்கள், அதே தத்துவம்தான். குண்டுகள் நொடிக்கு 60 முதல் 80 மீட்டர் வேகத்தில் பாயும். மணிக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

குண்டுகளின் அளவு ரவையிலிருந்து கேழ்வரகு வரை இருக்கும். உருண்டையாக இருந்தால் 'ஷாட்'; கூரிய முனைகளோடு இருந்தால் 'கிரிட்'. உருண்டை, பொருக்கை நொறுக்கி உதிர்க்கும். கூர்முனை, எஃகின் மேல்தோலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கும். தேவைக்கேற்ப ஒன்றையோ இரண்டையும் கலந்தோ உபயோகிக்கிறார்கள்.

சுத்தம் செய்ய வேண்டிய பொருளின் வடிவத்துக்கு ஏற்ப யந்திரமும் மாறும். சிறிய வார்ப்புகளைப் புரட்டிப் புரட்டிக் காட்டும் யந்திரம் உண்டு. பெரியவற்றைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சுழற்றுவதும், நீண்ட தகடுகளையும் உத்தரங்களையும் உருளைகளின்மேல் ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் எடுப்பதும் உண்டு.

அடித்து முடித்த குண்டுகள் வீணாவதில்லை. கீழே விழுந்த குண்டு, துரு, தூசி யாவும் திருகு உருளையால் ஒரு மூலைக்குத் தள்ளப்படும். அங்கிருந்து வாளிகள் கோத்த பட்டை அவற்றை மேலே தூக்கிச் செல்லும். நம் ஊர் அரிசி ஆலைகளில் நெல் மேலே ஏறும் அதே ஏற்பாடுதான். மேலே சென்றதும் அக்கலவை மெல்லிய திரைபோலக் கீழே விழ, குறுக்கே காற்று இழுக்கப்படும். களத்தில் நெல்லைத் தூற்றும்போது என்ன நிகழ்கிறது? பதர் பறந்துவிடும், மணி நேரே விழும். இங்கும் தூசி காற்றோடு போய்விடும். நல்ல குண்டு மட்டும் தொட்டிக்குத் திரும்பும். இப்படி அதே குண்டு நூற்றுக்கணக்கான முறை உழைத்து, தேய்ந்து தூளான பின்பே விடைபெறும். பறந்த தூசியைத் துணிப்பைகளோ வடிகட்டிகளோ பிடித்துக்கொள்ளும்.

"இத்தனை அடியும் அறையின் சுவரின்மேல் படாதா?" என்று கேட்டோம். படும். ஆகையால் சுவருக்கு மாங்கனீஸ் எஃகுத் தகடுகள் பதிக்கிறார்கள். 1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த இந்த எஃகின் குணம் விந்தையானது. அடிபட அடிபட அதன் மேற்பரப்பு இன்னும் கடினமாகும்!

எவ்வளவு சுத்தம் போதும்?

"நன்றாகச் சுத்தம் செய்" என்று சொன்னால் ஆளுக்கு ஓர் அளவு. எங்கள் அன்னையர் துலக்கிய பாத்திரத்துக்கும் நாங்கள் துலக்கிய பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்ததே! ஆகையால் இதற்கு ஒரு பொது அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். முதலில் சுவீடன் நாட்டினர் வண்ணப் படங்களோடு தயாரித்த தரநூல், பிறகு 1988-ல் ஐ.எஸ்.ஓ. 8501 என்னும் உலகத் தரமாயிற்று. எஸ்.ஏ. 1 என்பது மேலோட்டமான சுத்தம், எஸ்.ஏ. 2 என்பது நல்ல சுத்தம், எஸ்.ஏ. 2½ என்பது மிக நல்ல சுத்தம், அதாவது ஆங்காங்கே மெல்லிய நிழல் போன்ற கறை தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது, எஸ்.ஏ. 3 என்றால் அந்த நிழலும் இல்லாத வெள்ளி நிறம். மேற்பார்வையாளர் படத்தையும் எஃகையும் அருகருகே வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

சொரசொரப்புக்கும் அளவு உண்டு. பெரும்பாலான வர்ணங்களுக்கு 40 முதல் 75 மைக்ரான் ஆழம் போதும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் அதன் நுண்மை விளங்கும். ஆழம் குறைந்தால் வர்ணம் பிடிக்காது. மிகுந்தால் முகடுகள் வர்ணத்தைத் தாண்டி வெளியே நீட்டித் துருவுக்கு வழிகாட்டும்.

இன்னும் சில விதிகள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை முன்பே துடைத்துவிட வேண்டும். குண்டுமழை அதைப் போக்காது, பரப்பவே செய்யும். சுத்தமான எஃகு பிறந்த குழந்தை போன்றது. ஈரக்காற்று பட்டாலே துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகையால் சில மணி நேரத்துக்குள், பொதுவாக 4 மணிக்குள், முதல் பூச்சைப் பூசிவிடுகிறார்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேலையைத் தள்ளி வைக்கிறார்கள். மெல்லிய தகடுகளுக்கு இம்முறை ஆகாது, நெளிந்துவிடும். பழம்பொருள்களுக்கும் ஆகாது. நம் கோட்டைப் பீரங்கியின்மேல் இக்குண்டுகளை வீசினால், அழுக்கோடு அதன் வரலாற்றுத் தடயங்களும் போய்விடும்! எதற்கு எது ஏற்றது என்று அறிவதும் விஞ்ஞானமே.

கோவை முதல் பாம்பன் வரை

நம் மாநிலத்தில் இத்தொழில் நடக்கும் இடங்கள் பல. கோவையின் வார்ப்பாலைகளில் பம்பு செட்டுகளின் பாகங்களை மணல் அச்சில் வார்க்கிறார்கள். வார்ப்பில் ஒட்டிய மணலை உதிர்க்க இந்த யந்திரமே உதவுகிறது. நம் வயல்களுக்கு நீர் இறைக்கும் மோட்டார் பம்பும் இக்குண்டுமழையில் குளித்து வந்திருக்கலாம்.

இதன் அருமையை நாங்கள் நேரில் உணர்ந்தது ராமேசுவரக் கல்விச் சுற்றுலாவின்போது. சாலைப் பாலத்தில் நின்று கடலின் நடுவே புதிய பாம்பன் ரயில் பாலத்தைக் கண்டோம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வரும்போது, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே எழும்புகிறது.

இரவு பகலாக உப்புக் காற்று வீசும் அந்த இடத்தில் எஃகை எப்படிக் காப்பது? அப்பாலத்தின் எஃகுக்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் சிறப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். இத்தகைய உயர்ந்த பூச்சுகளுக்குக் குறைந்தது எஸ்.ஏ. 2½ அளவு சுத்தம் வேண்டும் என்பது தொழிலின் பொது விதி. ரயிலில் செல்வோர் கண்ணுக்குப் படுவது மேலே உள்ள நிறம். அந்த நிறம் நிற்பதோ, யாரும் காணாத அடிப்பரப்பின் சுத்தத்தால்.

மணலும் மூச்சும்

இனி எழுதப்போவதை எழுதுவதற்கு எங்களுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. தோழியின் தந்தையார் அனுமதி தந்ததால் எழுதுகிறோம்.

"மாமா, ஏன் மணலையே வைத்துக்கொள்ளக்கூடாது? மணல் மலிவாயிற்றே?" என்று நாங்கள் கேட்டபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒன்றாகவே பட்டறை வேலைக்குப் போனார்களாம். தம்பி வெல்டிங் கற்றார். அண்ணன் மணல் பீய்ச்சும் வேலைக்குச் சேர்ந்தார். முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, புகைபோல் தூசி கிளம்ப நாள் முழுதும் வேலை. கூலி கொஞ்சம் அதிகம். சில ஆண்டுகளில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பேசவே மூச்சுப் போதவில்லை.

"மணல்காரங்க கூலியில எங்க வீட்டுக்கு ஓடு போட்டாரு எங்கண்ணன். அந்த வீட்ல அவரு ரொம்ப நாள் இருக்கலம்மா" என்றார் அவர்.

அந்நோயின் பெயர் சிலிகோசிஸ். மணலில் இருப்பது சிலிகா. வேகமாக மோதும்போது அது கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாக நொறுங்கி, நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி. பிரிட்டனில் 1949-ல் செய்த விதிகளின்படி வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் வேலையில் மணலை உபயோகிப்பது தடுக்கப்பட்டது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சிலிகோசிஸைச் சேர்த்திருந்தது.

மூடிய அறைக்குள் எஃகுக் குண்டு வீசும் யந்திரத்தின் பெரிய நன்மை இதுதான். எஃகுக் குண்டில் சிலிகா இல்லை. தூசி வெளியே வருவதில்லை. மனிதன் கதவுக்கு வெளியே நிற்கிறான். அப்படியும் கதவு சரியாக மூடியிருக்கிறதா, தூசி வடிகட்டி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். வார்ப்பில் ஒட்டிய மணலும் தூசியாகும் அல்லவா? திறந்தவெளியில் கையால் பீய்ச்ச நேரும்போது, வெளியிலிருந்து நல்ல காற்று வரும் தலைக்கவசம் அணிய வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு நுண்தூளைத் தடுக்காது.

நம் மாவட்டத்தில் கல் குவாரிகள் பல உள்ளன. அங்கும் உடைபடும் கல்லில் சிலிகா உண்டு. நம்மில் சிலருடைய உறவினர் அங்கே வேலை செய்கிறார்கள். கல்லைத் துளைக்கும்போது நீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும். நல்ல முகமூடியும், நெஞ்சு எக்ஸ்ரே பரிசோதனையும் வேண்டும் என்று வீட்டில் எடுத்துச் சொல்வது நம் கடமை. படிப்பின் பயன் அதுவும்தானே?

நாங்கள் செய்து பார்த்த சோதனை

பட்டறையிலிருந்து துருப்பிடித்த இரும்புப் பட்டைத் துண்டுகள் மூன்று வாங்கி வந்தோம். முதல் துண்டைத் துணியால் மட்டும் துடைத்தோம். இரண்டாவதைக் கம்பித் தூரிகையால் தேய்த்தோம். மூன்றாவதை அரத்தாலும் உப்புத்தாளாலும் வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்தோம். மூன்றுக்கும் ஒரே வர்ணம், ஒரே நாளில். காய்ந்ததும் ஒவ்வொன்றின்மேலும் ஆணியால் ஒரு கோடு கீறி, 40 நாட்கள் காலையும் மாலையும் உப்புநீர் தெளித்தோம்.

முதல் துண்டில் வர்ணம் பெரும்பாலும் கழன்றுவிட்டது. இரண்டாவதில் கீறலின் இருபுறமும் துரு உள்ளே பரவிக் கொப்புளம் எழுந்தது. மூன்றாவதில் கீறிய கோடு மட்டும் சிவந்திருந்தது. மற்ற இடத்தில் வர்ணம் அப்படியே நின்றது. வர்ணம் ஒன்றே. வேறுபாடு முழுவதும் அடியில் இருந்தது.

தை மாதத்தில், தலைமை ஆசிரியை சகோதரி அவர்களின் அனுமதியோடு, சைக்கிள் கொட்டகையை மீண்டும் எடுத்துக்கொண்டோம். நமக்கு யந்திரம் இல்லை, கைகள் இருந்தன. முகமூடி அணிந்து, பழைய வர்ணத்தை நனைத்துச் சுரண்டினோம். காய்ந்த பின் கம்பித் தூரிகை, உப்புத்தாள், தின்னர் என்று ஒவ்வொரு குழாயையும் தேய்த்து முடிக்க நான்கு சனிக்கிழமைகள் ஆயின. முதல் முறை முழுக் கொட்டகைக்கும் ஒரே சனிக்கிழமைதான் ஆகியிருந்தது! அந்தந்த நாள் தேய்த்த குழாய்க்கு அன்றே ரெட் ஆக்சைடு பூசினோம். எல்லாம் முடிந்த பிறகு பச்சை வர்ணம் அடித்தோம். பார்ப்பதற்குச் சென்ற ஆண்டு இருந்தது போலவேதான் இருக்கிறது. இம்முறை யாரும் தனியாகப் பாராட்டவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்து நாங்கள் விடைபெறுகிறோம். இந்த ஆண்டு ஐப்பசி மழை பெய்யும்போது இங்கே இருக்க மாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, கார்த்திகை பிறந்ததும் கொட்டகைப் பக்கம் சென்று குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். எங்காவது கொப்புளம் கண்டால், அந்த இடத்தை நாங்கள் சரியாகத் தேய்க்கவில்லை என்று பொருள். வர்ணத்தைக் குறை சொல்லாமல், அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டுப் பிறகு பூசுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவியர், அறிவியல் மன்றம்